மணிமொழி டீச்சரும் ஏழு மில்லிமீட்டரும்

மணிமொழி டீச்சரின் கைப்பையில் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். சீப்பை மறப்பாள், குடையை மறப்பாள், ஸ்கேலை மறந்ததில்லை. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினான்கு வருடமாக உயிரியல் எடுக்கிறாள். செய்முறைத் தேர்வுக்கு முன்னால் அவள் ஒரு பயிற்சி கொடுப்பாள். ஒரு செல்லின் படம். படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டின் நீளம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதை வைத்துச் செல்லின் உண்மையான அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் கோட்டைப் பார்க்காமல் கண்ணளவில் எதையோ எழுதிவைப்பார்கள்.

"படம் எவ்ளோ பெரிசா வேணா இருக்கும்டா. ஓரத்துல இருக்கற கோட்டைப் பாரு" என்பாள். இதைக் கேட்காமல் அந்தப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையும் வெளியே போனதில்லை.

அளவு விஷயத்தில் இந்தப் பிடிவாதம் ஒன்பது வயதில் வந்தது. அப்பா முருகையனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பயிர். மூட்டையை மண்டிக்குக் கொண்டுபோன ஒரு நாள் இவளும் கூடப் போயிருந்தாள். எடை போடும்போது வியாபாரியின் ஆள் பேச்சுக்கொடுத்துக்கொண்டே மூட்டைக்கு அடியில் முட்டியைக் கொடுத்துத் தாங்கினான். "அப்பா, அந்த ஆளு முட்டியக் குடுக்கறாரு" என்று இவள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாள். மண்டியே சிரித்தது. வியாபாரி இவள் கையில் ஒரு பிடி மல்லாட்டையைக் கொடுத்து, கெட்டிக்காரப் பொண்ணு என்றார். எடை மட்டும் மாறவில்லை. திரும்பி வரும்போது முருகையன் சைக்கிளை மிதித்தபடி, தானும் பார்த்ததாகவும் வாய் வரவில்லை என்றும் சொன்னார். அந்தப் பிடி மல்லாட்டையை இவள் வழியில் வாய்க்காலில் கொட்டினாள்.

படித்தாள், வேலைக்கு வந்தாள், அறிவுச்செல்வனைக் கட்டிக்கொண்டாள். அவன் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். கோபப்படத் தெரியாதவன். கோபம் வந்தால் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பப் போய்விடுவான். வீடும் வேங்கிக்காலிலேயே, புதிதாக மனை போட்ட பகுதியில். மாமியார் ஜோதியம்மாள் கூட இருந்தார்.

நான்காம் வருடம் கரு தங்கியது. மூன்றாம் மாதம் கலைந்தது. அவசரத்துக்குப் போன ஒரு நர்சிங் ஹோமில் உள்ளே மிச்சம் இருக்கக் கூடாது என்று சுரண்டி எடுத்தார்கள். ஆழமாகச் சுரண்டிவிட்டார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு சவ்வு மாதா மாதம் வளர்ந்து உதிரும். அடியில் இருக்கும் வேர்ப்படலம் இருக்கும்வரைதான் அது திரும்ப வளரும். புல்லை அறுத்தால் முளைக்கும், வேரோடு செதுக்கினால் தரைதான் மிஞ்சும். இவளுக்குச் செதுக்கியிருந்தார்கள். மாதவிலக்கு ஒரு நாள் கறையாகச் சுருங்கிப்போனது.

அதற்குப் பிறகு எட்டு வருடம் ஒரே ஒரு எண்ணைச் சுற்றி ஓடியது. ஏழு. சவ்வு ஏழு மில்லிமீட்டராவது தடித்தால்தான் கருவை உள்ளே வைப்போம் என்றார்கள் டாக்டர்கள். இவளுடையது நாலு புள்ளி ஆறு, நாலு புள்ளி எட்டு என்று அங்கேயே நின்றது. மாத்திரை போட்டாள், தொப்புளைச் சுற்றி ஊசி போட்டாள், எண் அசையவில்லை. முப்பத்தேழு வயதில், முட்டை தீர்ந்துபோகும் முன்பு எடுத்துவைக்கலாம் என்று எடுத்ததில் இரண்டு கருக்கள் தேறின. இரண்டையும் உறையவைத்தார்கள். இனி முட்டை கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆக உலகத்தில் மணிமொழிக்குப் பிள்ளை என்று ஒன்று பிறக்க வேண்டுமானால், அது அந்த உறைபெட்டியில் இருந்த இரண்டு புள்ளிகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

ஜோதியம்மாளின் கணக்கு வேறு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றினால் நடக்கும் என்றார்.

"சுத்துனா கால்தானே வலிக்கும். வேற இன்னாம்மா நஷ்டம் உனக்கு?"

"கால் வலிச்சா வலிக்கட்டும் அத்தே. வளர வேண்டியது காலு இல்லியே."

ஜோதியம்மாள் இதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லிக் குறைப்பட்டார். அதில் பாதிப் பெருமையும் இருந்தது. தன் மருமகள் யாருக்கும் அடங்கிப் பேசுகிறவள் இல்லை என்று.

புதுவேர் கருத்தரிப்பு மையம் ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, செங்கம் ரோட்டில், ஒரு காபிக் கடைக்கு மாடியில் இருந்தது. கீழே வெள்ளைக்காரர்கள் இலவங்கப்பட்டை போட்ட ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். மேலே நம் பெண்கள் டோக்கன் வைத்துக்கொண்டு, அவர்களைவிட மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். இவளுடைய கருக்கள் இருந்தது அங்கேதான். அங்கே ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவன் மாறன்.

மாறன் அவளுடைய முதல் செட் மாணவன். கோயில் தேரடி வீதியில் பூக்கட்டும் சரசுவின் மகன். பயோடெக்னாலஜி என்று ஒரு படிப்பு இருப்பதை அவனுக்குச் சொன்னவளே இவள்தான். விண்ணப்பத்தை அவன் இவள் மேஜையில் உட்கார்ந்துதான் நிரப்பினான். இப்போது வெள்ளைக் கோட்டு, கண்ணாடி. ஆனாலும் இவள் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பான். மற்ற நோயாளிகள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த எழுந்து நிற்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைப் பிறகு நிறையத் தடவை நினைத்துப் பார்த்தாள்.

எக்ஸோசோம் என்ற சொல்லை அவள் வாயில் போட்டவன் மாறன். தொப்புள்கொடியிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்கள் நுண்ணிய குமிழிகளை வெளியே விடுகின்றன. மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும் ஒரு குமிழி. அதற்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ என்ற துணுக்குகள் உண்டு. இந்தப் புரதத்தைச் செய்ய வேண்டாம் என்று ஒரு செல்லைத் தடுக்கும் துணுக்குகள் அவை. தழும்பு போட்டது போதும், நிறுத்து என்று அடிபட்ட திசுவுக்கு அவை சொல்லும்; ரத்தக் குழாய் வளர வழிவிடும். கேட்டதும் மணிமொழிக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாக நடத்திக் கடந்துபோன விஷயம், அவளுடைய சொந்த வயிற்றுக்கே வைத்தியமாக வந்து நிற்கிறது.

சும்மா நம்பிவிடவில்லை. கட்டுரைகளைத் தேடி எடுத்து ஒரு மாதம் படித்தாள். கர்ப்பப்பை சுரண்டப்பட்ட எலிகளுக்கு எக்ஸோசோம் கொடுத்திருந்தார்கள். தழும்பு குறைந்திருந்தது, சவ்வு தடித்திருந்தது, சில எலிகள் குட்டியும் போட்டிருந்தன. மனிதர்களைப் பற்றிய கட்டுரைகள் கம்மி; அவற்றிலும் கைவிரல் அளவுக்குத்தான் ஆட்கள். எலிக்கும் மனுஷிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாததில்லை. அந்தத் தூரத்தை ஆசை ஒரே எட்டில் தாண்டியது.

இதைத் தமிழில் எழுதித் தர முடியுமா என்று மாறன் கேட்டான். மையத்தை நடத்தும் டாக்டரம்மா சொல்வது நோயாளிகளுக்குப் புரியவில்லையாம். மணிமொழி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். தலைமையாசிரியர் அறையிலிருந்து பியூன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போவார். ஒவ்வொரு டீச்சரும் சுற்றறிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போடுவார்கள், அதன்படி நடப்பார்கள். அந்த நோட்டுதான் எக்ஸோசோம், உள்ளே இருக்கும் சுற்றறிக்கைதான் மைக்ரோ ஆர்.என்.ஏ என்று எழுதினாள். கடைசிப் பத்தியில், இது பெரும்பாலும் எலிகளிடம்தான் சோதிக்கப்பட்டிருக்கிறது, மனிதர்களிடம் சின்ன ஆய்வுகளே நடந்திருக்கின்றன, பலன் உறுதியில்லை என்று தெளிவாகப் போட்டாள்.

அச்சாகி வந்த நோட்டீஸில் பியூன் இருந்தார், சுற்றறிக்கை இருந்தது, அடியில் மணிமொழி, எம்.எஸ்சி., பி.எட்., உயிரியல் ஆசிரியை என்று கொட்டை எழுத்தில் பெயரும் இருந்தது. கடைசிப் பத்தி இல்லை.

கேட்டாள். இடம் பத்தவில்லை, அடுத்த அச்சில் சேர்த்துவிடுவோம் என்றான் மாறன். ஒன்பது வயது மணிமொழியாக இருந்தால் மண்டியே கேட்கும்படி கத்தியிருப்பாள். முப்பத்தெட்டு வயது மணிமொழிக்கு அடுத்த வாரம் ஊசி. நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஊசி நாள் பௌர்ணமியன்று விழுந்தது. மாதச் சுழற்சிக்கு நாள் நட்சத்திரம் தெரியுமா? பத்தாம் நாள் என்றால் பத்தாம் நாள்தான். மருந்து சென்னையிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். பௌர்ணமி என்றால் இந்த ஊருக்குள் பஸ் நுழையாது. வெளியூர் பஸ்கள் ஊரின் ஓரத்தில் தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடும். காலை பத்து மணிக்கு வர வேண்டிய மாறன் ஒரு மணிக்கு வந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு அவலூர்பேட்டை ரோட்டிலிருந்து கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்திருந்தான். தோளில் தெர்மோகோல் பெட்டி. வழியில் அன்னதானம் கொடுத்தவர்கள் யாரோ அவனையும் பக்தன் என்று நினைத்துப் பெட்டியின் மூடிமேல் ஒரு தொன்னை புளிசாதம் வைத்திருந்தார்கள். நர்ஸ்கள் சிரித்தார்கள். மணிமொழியும் சிரித்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரை டைல்ஸில் சொட்டு சொட்டாக ஒரு வரிசை, வாசலிலிருந்து ஆய்வகம் வரைக்கும்.

மருந்தை உலர்பனியில் வைத்துத்தான் கொண்டுவருவார்கள் என்று அவனே சொல்லியிருந்தான். உலர்பனி உருகாது. திடத்திலிருந்து நேராக ஆவியாகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. பதங்கமாதல் என்று கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்கிறவள் அவள். சொட்டுவது தண்ணீர் என்றால் உள்ளே இருந்தது மீன் கடை ஐஸ். கேட்டிருக்க வேண்டும். நர்ஸ்கள் முன்னால் எப்படிக் கேட்பது, பையன் வேர்த்து விறுவிறுத்துச் சுமந்து வந்திருக்கிறானே என்று தோன்றியது. தன் மாணவனைத் தானே சந்தேகப்பட்டால் பதினான்கு வருடம் என்னதான் சொல்லிக்கொடுத்தோம் என்றும் தோன்றியது. சொட்டுகளைத் தாண்டிப் போய்க் கட்டிலில் படுத்தாள். ஊசி என்று பேர்தான், மெல்லிய குழாய் வழியாகத்தான் மருந்து கர்ப்பப்பைக்குள் போனது. குளிர்ச்சிகூட இல்லை.

இரண்டு நாள் கழித்து, சுழற்சியின் பன்னிரண்டாம் நாள் ஸ்கேன். டாக்டரம்மா திரையில் இரண்டு கூட்டல் குறிகளை நகர்த்தி வைத்துவிட்டு எண்ணைப் படித்தார். ஏழு புள்ளி எட்டு. மணிமொழி எட்டு வருடத்தில் முதல்முறையாக ஆஸ்பத்திரியில் அழுதாள்.

வீட்டில் அன்றைக்கு ஒரு சண்டை நடந்தது, சந்தோஷச் சண்டை. அறிவுச்செல்வனின் பாதத்தில் இரண்டு பெரிய கொப்புளம் ஆறி வருவதைப் பார்த்து எப்படி என்று கேட்டாள். பௌர்ணமியன்று இவளை மையத்தில் விட்டுவிட்டு வேலை இருக்கிறது என்று போனவன், அம்மாவோடு பதினான்கு கிலோமீட்டரையும் வெறுங்காலில் சுற்றியிருக்கிறான்.

"உன் பக்கத்தை நீ பாத்துக்கிட்டே. அந்தப் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்னு போனேன்" என்றான்.

ஏழு புள்ளி எட்டு மலையால் வந்தது என்றார் ஜோதியம்மாள். மைக்ரோ ஆர்.என்.ஏவால் வந்தது என்றாள் மணிமொழி. இரண்டு பேரும் சாப்பாடு முடியும்வரை விட்டுக்கொடுக்கவில்லை. வராத ஒன்றுக்காக இரண்டு பேர் அன்றைக்குப் பங்கு கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஐந்து நாள் கழித்து இரண்டு கருக்களையும் உள்ளே வைத்தார்கள். அவற்றைக் குழாயில் எடுத்துக்கொண்டு வந்து டாக்டரம்மா கையில் கொடுத்தவன் மாறன். "நல்லா இருக்கு டீச்சர், ரெண்டும்" என்றான். பதினான்கு நாள் இவள் மாடிப்படி ஏறவில்லை, தும்மலைக்கூட அடக்கினாள். பதினைந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. டாக்டரம்மா வருத்தப்பட்டார். சவ்வு நன்றாகத்தான் வளர்ந்தது, உங்கள் உடம்புதான் ஏற்றுக்கொள்ளவில்லை என்றார். அந்த வாக்கியத்தோடு மணிமொழி ஐந்து மாதம் வாழ்ந்தாள். பள்ளிக்குப் போனாள், பாடம் எடுத்தாள், வீட்டுக்கு வந்து தன் உடம்பைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இனி இது எதற்கு என்று மருத்துவ ஃபைலைப் பரண்மேல் போடப்போனாள். நாற்காலிமேல் நின்று தூக்கும்போது ஒரு ஸ்கேன் படம் நழுவிக் கீழே விழுந்தது. ஏழு புள்ளி எட்டு காட்டிய படம். இறங்கி எடுத்தவள், அதன் வலது ஓரத்தைப் பார்த்தாள். மேலிருந்து கீழாகச் சிறு சிறு கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டரைக் குறிப்பவை. இத்தனை நாள் அவள் எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

கை தானாகப் பைக்குள் போனது.

ஐந்து சென்டிமீட்டருக்கான இடைவெளி தாளில் அறுபது மில்லிமீட்டர் இருந்தது. அப்படியானால் தாளில் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்பது உடம்பில் பத்து. நடுவில் வெளுத்துத் தெரியும் பட்டைதான் சவ்வு. அதன் குறுக்கே ஸ்கேலை வைத்தாள். ஆறுக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டால் நாலு புள்ளி ஒன்பது. கூட்டல் குறிகள் அந்தப் பட்டையின் விளிம்பில் இல்லை. இரண்டு பக்கமும் தள்ளி, வெளியே இருக்கும் கறுத்த தசைக்குள் போய் உட்கார்ந்திருந்தன. மூன்று தரம் அளந்தாள். புதுவேருக்கு முன்பு பார்த்த ஆஸ்பத்திரி எடுத்த படத்தையும் அளந்து பார்த்தாள். அங்கே குறிகள் விளிம்பில் ஒழுங்காக இருந்தன, எழுதிய எண்ணும் அளந்த எண்ணும் ஒன்றுதான். நாலு புள்ளி எட்டு. மருந்து போட்ட பிறகும் போடாமல் இருந்தபோதும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

யாரோ மூட்டைக்கு அடியில் முட்டியைக் கொடுத்திருந்தார்கள்.

அறிவுச்செல்வன் வந்து பார்த்தபோது அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டவன் போய் மோட்டாரைப் போட்டான். தொட்டி நிரம்பி மொட்டைமாடியில் வழிந்து தெருவுக்கு வந்தது. அவன் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மணிமொழி செங்கம் ரோட்டுக்குப் போனாள். மாறன் வழக்கம்போல எழுந்து நின்றான். உட்காரச் சொன்னாள். படத்தையும் ஸ்கேலையும் அவன் முன்னால் வைத்து, அளக்கச் சொன்னாள். அவன் படத்தைத் தொடவில்லை.

"நாலு புள்ளி ஒம்போதுன்னு அன்னிக்கே உனக்குத் தெரியுமா மாறா?"

ஸ்கேலை அவள் பக்கம் நகர்த்தினான். "தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சுதான் ரெண்டையும் எடுத்துக் குடுத்தியா?"

அவன் பேசத் தொடங்கினான். சென்னையில் ஒரு மாநாடாம். பன்னிரண்டு பெண்களில் பதினொரு பேருக்குச் சவ்வு ஏழைத் தாண்டியது என்று டாக்டரம்மா அங்கே படம் போட்டுக் காட்ட வேண்டியிருந்ததாம். மணிமொழி அதில் நோயாளி எண் ஏழு. தடித்தது என்று காட்டிவிட்டுக் கருவை வைக்காமல் விட்டால் கேள்வி வருமாம். எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது, தான் சம்பளத்துக்கு இருப்பவன் என்றான். மாநாட்டில் கைதட்டினார்களா என்று கேட்டாள். தலையாட்டினான்.

"அந்த பாட்டில்ல இன்னா இருந்துது?"

"எனக்குத் தெரியாது டீச்சர். வந்ததைக் குடுத்தேன்."

மலையைச் சுற்றினால் பிள்ளை பிறக்கும் என்று சொல்பவரை மறுக்க ஒரு கேள்வி போதும். எப்படி என்று கேட்டால் அவர் மேலே கையைக் காட்டுவார், அத்தோடு முடிந்தது. இவர்களிடமோ எப்படி என்ற கேள்விக்குப் படம் இருந்தது, எண் இருந்தது, தசமப் புள்ளிகூட இருந்தது. கேள்வி கேட்கிறவளை மடக்குவதற்கென்றே செய்த பொய். பூசாரியிடம் ஏமாறக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க விழித்திருந்தவளைத் தாங்களும் அவளைப் போல அறிவியல் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு வந்து ஏமாற்றினார்கள்.

எழுந்தாள். மாறனும் எழுந்து நின்றான், பழக்கத்தில். தன்னை மட்டும் குற்றம் சொல்கிறாளே என்று அவனுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"உங்க நோட்டீஸைப் பாத்துதான் டீச்சர் ஜாஸ்தி பேரு வந்தாங்க" என்றான். "நாங்க சொன்னப்ப யாரும் நம்பல."

மணிமொழி படியிறங்கினாள். கீழே காபிக் கடைக்கு வெளியே இருந்த சிமென்ட் பெஞ்சில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் நான்காக மடித்த அந்த நோட்டீஸ். மடிப்புகளில் தாள் நைந்திருந்தது. பெயர் ரஹமத்துன்னிசா. அவள் கணவர் சாந்த் பாஷாவுக்கு ஊருக்குள் பஞ்சு மெத்தைக் கடை. ஆட்டோ கூட்டிவரப் போயிருந்தார். மணிமொழி தன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. சர்குலர் மாதிரி என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த பிறகுதான் எங்க வீட்டுக்காரருக்கே புரிந்தது, சரி என்றார் என்றாள். அன்று காலைதான் ஸ்கேன். ஏழு புள்ளி நாலு. வியாழக்கிழமை கரு வைக்கப்போகிறார்கள். இருப்பது ஒரே ஒரு கரு.

மணிமொழி ஒன்றும் சொல்லாமல் ஆட்டோ ஏறிப் போயிருக்கலாம். அரை நிமிடம் அந்த யோசனையும் வந்தது. அப்படி யோசித்ததைப் பிற்பாடு அவள் யாரிடமும் மறைக்கவில்லை. படத்தைக் கொடுக்கச் சொல்லி, மடியில் ஃபைலை வைத்து, ஓரத்துக் கோடுகளைக் காட்டி, ரஹமத்துன்னிசாவின் கையிலேயே ஸ்கேலைக் கொடுத்து அளக்க வைத்தாள். முதல் தரம் அவளுக்கு வரவில்லை. இரண்டாம் தரம் வந்தது. ஐந்து புள்ளி ஒன்று.

ரஹமத்துன்னிசா சண்டை போடவில்லை, அழவும் இல்லை. ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க போட்டுக்கிட்டீங்களா இந்த ஊசிய?"

"போட்டுக்கிட்டேன்."

"தங்குச்சா?"

"இல்ல. ரெண்டும் போச்சு."

"எலிக்குத்தான் போட்டுப் பாத்தாங்கன்னு எங்க வீட்டுக்காரரோட மச்சான் சொன்னாரு. நோட்டீஸ்ல அப்டி இல்லியேன்னு நான்தான் சண்டை போட்டேன். நீங்க எழுதவே இல்லியா?"

எழுதியதை எடுத்துவிட்டார்கள் என்று மணிமொழி சொன்னாள். எடுத்தது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள் ரஹமத்துன்னிசா. பொய் சொல்ல அந்த இடத்தில் ஓர் இடுக்கு இருந்தது. அச்சான அன்றைக்கே தெரியும் என்றாள் மணிமொழி.

ரஹமத்துன்னிசா எழுந்து மாடிக்குப் போனாள். தன் கரு உறைபெட்டியிலேயே இருக்கட்டும், வியாழக்கிழமை வரவில்லை என்று கவுன்ட்டரில் சொல்லி, அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள். மணிமொழியைத் தாண்டிப் போய், கணவர் அதற்குள் கூட்டிவந்திருந்த ஆட்டோவில் ஏறினாள். ஏறியவள் தலையை நீட்டி, புகார் கொடுக்கப்போகிறீர்களா என்று மட்டும் கேட்டாள். ஆம் என்றாள். அப்படியானால் அதில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும், கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் இல்லை, குற்றம் சொல்லும் இடத்திலும் இருக்க வேண்டும் என்றாள். இருந்தால் தானும் வருவதாகச் சொன்னாள்.

புகாரை எழுத மணிமொழிக்கு ஆறு நாள் ஆனது. விதிகளைத் தேடிப் படித்தாள். ஆய்வில் இருக்கும் இப்படிப்பட்ட சிகிச்சையை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே தரலாம், அப்படித் தரும்போது நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று இருந்தது. இது ஊசி போடும் முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டிய பக்கம். எலிகளைப் பற்றி ஒரு மாதம் படித்தவள் இந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை, வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். பட்டா கேட்பவர்கள், முதியோர் பென்ஷன் கேட்பவர்கள் நடுவில் இரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். சாந்த் பாஷாவும் அறிவுச்செல்வனும் வெளியே வேப்பமரத்தடியில், பேச எதுவும் கிடைக்காமல், ஒருவர் ஃபைலை ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ரஹமத்துன்னிசா மனுவை வாங்கி முதல் வரியைப் படித்தாள். "இத்துடன் இணைத்துள்ள நோட்டீஸை எழுதியவள் நான். அதில் ஒரு பத்தி நீக்கப்பட்டது தெரிந்தும் பேசாமல் இருந்தேன்" என்று தொடங்கியது. முழுக்கப் படித்துவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டாள்.

மேஜையில் இருந்த அதிகாரி இணைப்புகளைப் புரட்டினார். ஸ்கேன் படங்களின் ஓரத்தில் பென்சிலால் போட்டிருந்த கணக்கைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். ரஹமத்துன்னிசாவே சொன்னாள். எது சவ்வு, எது தசை, ஓரத்துக் கோடு எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மணிமொழி இடையில் பேசவில்லை. அவர் கேட்டுக்கொண்டு சுகாதாரத் துறைக்கு என்று எழுதி, முத்திரை குத்தி, ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார். என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மணிமொழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மன்னிப்பாக இருக்கலாம். ரஹமத்துன்னிசா அதற்கு நிற்கவில்லை.

"வேற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி சொல்லியிருக்காங்க. அடுத்த மாசம் போறோம்" என்றாள். கையை நீட்டினாள். "அந்த ஸ்கேல எங்கிட்ட குடுங்க."

மணிமொழி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"இனிமே யாரு அளந்து சொன்னாலும் வேணாம்" என்றாள் ரஹமத்துன்னிசா. "நீங்க சொன்னாலும் சரி. நானே அளந்துக்கறேன்."